சிலாம்பு

பதினான்கு மாதமாக
துளசிங்கத்தின் இடது கன்னத்தில் ஒரு துளை.
மூடும்.
பத்து நாள் கழித்துத் திறக்கும்.
பையில் கைக்குட்டை இரண்டு வைத்திருக்கிறார்,
ஒன்று வியர்வைக்கு.

புளியந்தோப்பில் ஒருவர் பல்தான் காரணம் என்று
பிடுங்கினார்.
பெரம்பூரில் இன்னொருவர் பக்கத்துப் பல்லை.
"ரெண்டும் நல்ல பல்லு மேடம்"
என்கிறார்,
ஊரைவிட்டுப் போன கூட்டாளிகளைச் சொல்வதுபோல.

நான் படம் எடுப்பவள்.
மோவாயைத் தாங்கியில் வையுங்கள் என்பேன்,
எச்சில் விழுங்காதீர்கள் என்பேன்.
இயந்திரம் முனகிக்கொண்டு
தலையைச் சுற்றி வரும்,
பிராட்வேயில் திரும்பும் பஸ் மாதிரி.

துளைக்குக் கீழே தாடை எலும்பு சுத்தம்.
கன்னத்தில் ஒன்றுமில்லை.
காதுக்குச் சற்று முன்னால் மட்டும்
மிளகளவு வெள்ளை.
அப்படி ஒரு வெள்ளை உலோகத்துக்குத்தான் வரும்.

"இது என்ன?"

ஓடாத மின்விசிறியைப் பார்த்தார்.
மெரினாவில் பலூன் சுடுகிற கடை.
அப்போது ஒன்பது வயசு.
இவர் பலூன் மாட்டிக்கொண்டிருக்க
அண்ணன் விளையாட்டுக்குக் குறி பார்த்திருக்கிறான்.
வீட்டில் கல் பட்டது என்றார்களாம்.
"முப்பத்தோரு வருஷமா கல்லுதான் மேடம்."

ஆனால் சீழ் அங்கிருந்து வரவில்லை.
எங்காவது விழுந்தீர்களா?
கொளத்தூரில் சாரம் சரிந்தது,
மணல் குவியல்மேல் விழுந்தேன், நாலு தையல்.
சாரம் எதில் கட்டியது?
சவுக்கு.

மரம் எங்கள் படத்தில் விழாது.
வாடகை பாக்கிக்காரன்
கதவுக்குப் பின்னால் மூச்சடக்கி நிற்பதுபோல
சதைக்குள் சதையாக நிற்கும்.

டாக்டர் ஹசீனா கன்னத்தில் பசை தடவி
ஸ்கேன் கருவியை மெல்ல நகர்த்தினார்.
திரையில் ஒரு கீற்று.
அதன் அடியில் நீளமாய் நிழல்.
இருங்க, அசையாதீங்க.

மறுநாள் எடுத்தார்கள்.
தீக்குச்சியில் பாதி,
ஊறிக் கறுத்துப்போயிருந்தது.
நுனி எங்கும் முறிந்து தங்கிவிடவில்லையா என்று
மறுபடி கருவியை வைத்துப் பார்த்தார்கள்,
குழி முழுக்கக் கழுவினார்கள்.
துளசிங்கம் தட்டையே பார்த்தார்.
"இதுக்கா ரெண்டு பல்லு?"

குண்டை எடுக்கவில்லை.
முக நரம்பு அதை உரசிக்கொண்டு போகிறது.
கண் மூடவும்,
வாய் கோணாமல் சிரிக்கவும் அந்த நரம்பு வேண்டும்.
சும்மா கிடப்பதைக் கிளற வேண்டாம் என்றார் பெரிய டாக்டர்,
கையுறையைக் கழற்றியபடி.

படத்தின் உறையில் நான் எழுதினேன்:
இடது காதின் முன் உலோகத் துண்டு.
காந்த ஸ்கேன் எடுக்குமுன் அவசியம் சொல்லவும்.

எழுத்துக்கூட்டிப் படித்தார்.
"எல்லார்கிட்டயும் சொல்லணுமா?"
ஸ்கேன் எடுக்கிறவர்களிடம் மட்டும்.
"எப்படி வந்துச்சுன்னு கேட்டா?"
சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.
அண்ணன் பேரெல்லாம் வேண்டியதில்லை என்றேன்.

வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.
அவர் நகரவில்லை.
கட்டுப் போட்ட கன்னத்தைக் கொஞ்சம் தடவிக்கொண்டார்.

"எழுதிடுங்க மேடம்.
தேசிங்கு."