ஒன்பது நாற்பது

எட்டு மணிக்குத் தொலைபேசியைத் திறந்தால்
எட்டு ஒன்றுக்கு வரிசையில் பதினேழு பேர்.
இருமல், காது, இருமல், முதுகு,
நாய் தின்றுவிட்ட மாத்திரைக்கு மறு சீட்டு.
வெளியே வேல்ஸ் மழை
சிலேட் கூரைகளை ஒன்றுவிடாமல் தட்டிப் பார்க்கிறது.

சுவரில் என் கையெழுத்தில் ஒரு தாள்:
‘போன மாதம் சொல்லாமல் வராதவர்கள் அறுபத்திரண்டு.
வீணானது பத்து மணி இருபது நிமிடம்.’
அதன் மேலேயே யாரோ
காணாமல்போன பூனையை ஒட்டியிருக்கிறார்கள்.

பதினெட்டாவது, இட்வல் ப்ரோசர்.
அந்தப் பாழும் பியானோவைக் கேட்டபடி
இருபத்தாறு நிமிடம் காத்திருந்திருக்கிறார்.
“நெஸ்டாவுக்கு இன்று ஒன்பது நாற்பது. ரத்து செய்யணும்.”
வேறு நாள் தரட்டுமா என்றேன்,
விரல் ஏற்கெனவே வியாழக்கிழமைக்குப் போய்விட்டது.
“வேண்டாம். விடிகாலையில் போய்விட்டாள்.
வேறு யாருக்காவது ஆகுமே என்றுதான்.”

காரணம் கேட்டது கணினி.
மூன்று கட்டங்கள்.
‘மற்றவை’யைத் தொட்டேன்.

ஒன்பது நாற்பதுக்குக் காரெத் வந்தான்,
குப்பை வண்டி ஓட்டுகிறவன்.
முழங்கால் என்று பதிந்து உள்ளே அனுப்பினேன்.
பத்தாம் நிமிடம் கதவு திறந்தது,
குமிழில் அவன் கை தெரிந்தது.
ஏதோ சொன்னான்.
கதவு மறுபடி மூடியது.

காத்திருந்தவர்கள் கடிகாரத்தையும் என்னையும்
மாறி மாறி முறைத்தார்கள்.

வெளியே வந்தபோது
பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம், நான்காய் மடித்து.
“இன்றைக்கே எப்படி இடம் கிடைத்தது?”
ஒருவர் விட்டுக்கொடுத்தார் என்றேன்.
“நன்றி சொல்லிவிடுங்கள்.”

சொல்கிறேன் என்றேன்.
மணி அடித்தது.
இருமல்.