கோடு போட்ட தாளில் மழை

பத்திரிகைத் தாள் தீர்ந்துபோன மாதம்
பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சடித்தோம்.
மெசின்காரப் பெடியன் தாளைத் திருப்பி வைத்துவிட்டான்,
நீலக் கோடுகள் நெடுக்காக விழுந்தன.
அன்றைக்கு என் குடைக்காரர் மழையில் நின்றார்.

அதுவரை அவர் நின்றது குண்டுகளுக்குக் கீழே.
கம்பி உடைந்த குடை,
முழங்காலுக்கு மேல் மடித்த சாரம்,
சைக்கிள் கரியரில் மண்ணெண்ணெய்ப் போத்தல்.
மேலே சகடை வட்டமடிக்க
குடையை விரித்து,
"மழை வரும்போல கிடக்கு" என்பார்.
அவ்வளவுதான் பகிடி.
அதை வெட்டிப் பங்கருக்குள் ஒட்டினார்கள்.
சங்கக்கடை வரிசையில் ஒருத்தி
வானத்தைப் பார்த்து அதையே சொன்னாளாம்.
வரிசை முழுக்கச் சிரித்ததாம்,
பிறகுதான் ஓடியதாம்.

மூக்கு வரையத் தெரிந்தவன் நான்.
வரைய முடிந்த மூக்குகள் குறைவு.
இந்தப் பக்கமும் சில முகங்கள், அந்தப் பக்கமும் சில,
தொட்டால் கை போய்விடும்.
அதனால்தான் குடை. அதனால்தான் முதுகு.
ஊரைவிட்டு வள்ளம் ஏறும் வரைக்கும்
குடைக்காரருக்கு நான் முகம் வைக்கவில்லை.

புழலில் என்னை அருணாசலம் என்று பதிந்தார்கள்.
அருளம்பலம் என்று திருத்த
மேசைக்கு அந்தப் பக்கம் நேரமில்லை.
ஏரி கிட்டத்தான். தண்ணீர் லாரி வாரம் இரண்டு தரம்.
குறை சொல்லவில்லை.
படம் கீறுவான் என்று யாரோ சொல்லிவிட
விழாவுக்கு விழா பேனர் வந்தது:
கூப்பிய கைகள் இரண்டு, கீழே 'நன்றி'.
பதினேழு பேனர், முப்பத்துநாலு கை.
பெருவிரலில் தொடங்கினால் கண்ணை மூடியும் முடிக்கலாம்.

அதில் பொய் இல்லை.
அரிசி தந்தார்கள், மகளுக்குப் பள்ளிக்கூடம் தந்தார்கள்.
இரவில் விமானச் சத்தம் கேட்டால்
அது மீனம்பாக்கத்துக்குத்தான் போகிறது.
ஆனாலும்
கூப்பிய கைக்கு மூக்கில்லை.

தங்கசாலைத் தெருவில் ஒரு சந்து,
சந்துக்குள் கன்னியப்பனின் அச்சகம்.
காலையில் காதணி விழா, மாலையில் கண்ணீர் அஞ்சலி,
இரண்டுக்கும் அதே பூ பார்டர்.
முகாம் ஆளுக்குப் பாதிக் கூலி என்று வெளியே நடப்பு.
அவன் முழுசாக வைத்தான்.
"எண்ணிக்கோ சிலோனு, அப்பால பேஜார் பண்ணாத."
ஆறு மணிக்குத் தலை எண்ணுவார்கள்.
பஸ் வராத நாளில்
டி.வி.எஸ். ஃபிப்டியில் மூலக்கடை தாண்டிக் கொண்டுபோய் விட்டான்,
வழியெல்லாம் என்னைத் திட்டியபடி.

ஒரு ஐப்பசி, கரண்ட் இல்லை.
கழித்துப்போட்ட ப்ரூஃப் தாளின் பின்பக்கம்
சும்மா அவனைக் கீறினேன்.
பெரிய மூக்கு அவனுக்கு. இன்னும் பெரிதாக்கினேன்.
தாளை விட்டு வெளியே போகப் பார்த்தது மூக்கு.
முடித்த பிறகுதான் கை நடுங்கியது:
இத்தனை வருஷத்தில் உயிரோடிருக்கும் ஒருவனின் முகத்தை
கேட்காமல் தொட்டிருக்கிறேன்.

எட்டிப் பார்த்தான்.
"இன்னா கய்தே, மூக்கா இது, பேசின் பிரிட்ஜா?"
தெருவில் போனவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.
டீ கொண்டுவந்த பையன் கிளாஸைக் கவிழ்த்தான்.

மூக்குக்குக் கீழே சின்னதாக இன்னொருவர் இருப்பதை
பைண்டிங் ரமீஜாதான் கண்டுபிடித்தாள்.
மடித்த சாரம். சாய்த்துவைத்த சைக்கிள்.
குடை சுருங்கிக் கக்கத்தில் இருக்கிறது.
முன்பக்கம் திரும்பி நிற்கிறார்.
"யாருண்ணே இந்தாளு, நனையாம நிக்கிறாரு?"

நான் சொல்லவில்லை.
வெளியே தாளைத் திருப்பி வைத்தது போல
மழை நெடுக்காக விழுந்துகொண்டிருந்தது.

அடுத்த கிழமை பதினெட்டாவது நன்றி.
இந்தத் தரம் போஸ்டராகவே வேண்டுமாம்.
இடது கையில் ஆறு விரல் வைத்தேன்.
கையெழுத்துப் போட்ட அதிகாரி எண்ணவில்லை.
கன்னியப்பன் எண்ணினான்.
"ஒண்ணு ஜாஸ்தியா கீது" என்றான்,
மெசினை ஓடவிட்டான்.