நீலத்துக்கு நீலம்

புந்தா அரேனாஸில் காற்று ஆளைத் தூக்கும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
அன்று இரவுப்பணிக்குக்
கயிற்றைப் பிடித்தே வந்தேன்.
சாக்குச் சொல்லவில்லை.
இருபது நிமிடத் தாமதம், அவ்வளவுதான்.

மிலென்கா கோட்டை மாட்டிக்கொண்டே
ஐந்து குழந்தைகளையும் ஒப்படைத்தாள்.
நான்காம் தொட்டிலுக்கு வந்தபோது
கதவு அறைந்து சாத்திக்கொண்டது.
திரும்பச் சொல் என்று நான் கேட்கவில்லை.

நான்காம் தொட்டில்:
முப்பத்து நான்கு வாரத்தில் பிறந்தவன்,
ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிராம்.
பெயர் வைக்கவில்லை; அட்டையில்
‘நீல்டா பாரியாவின் மகன்’.
காலையில் முதுகுத்தண்டில் நீர் எடுக்க வேண்டும்,
அதற்குமுன் கையில் ஒரு ஊசி.

மரக்கவைக்கும் களிம்பு வெள்ளையாக இருக்கும்,
தயிரின் மேலாடை போல.
முதுகில் அவள் தடவியிருந்தாள்.
மல்லாந்து கிடந்தவனை நான் புரட்டிப் பார்க்கவில்லை.
எந்த நரம்பு கிடைக்குமோ என்று
இரு புறங்கையிலும் இரு பாதத்திலும் தடவினேன்,
தாராளமாக.
இரக்கத்தில் என்ன கஞ்சத்தனம்?

என் அண்ணன் ஹோவினோ ஏழாம் நாளில் கத்தி பட்டவன்.
பச்சைப்பிள்ளைக்கு வலி தெரியாது என்று
நம்பிய காலம்.
அசையாதிருக்க மருந்து கொடுத்தார்கள்,
நோகாதிருக்கக் கொடுக்கவில்லை.
இன்றும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போடமாட்டான்.
இரண்டுக்கும் தொடர்பு உண்டா, தெரியாது.
களிம்பைப் பிதுக்கும்போதெல்லாம்
அந்தப் பொத்தான் நினைவுக்கு வரும்.

மூன்றாம் மணியில் உதடு சாம்பல்.
பிறகு சிலேட்டு.
ஆக்ஸிஜனைக் கூட்டினேன்.
எண்பத்தைந்தில் நின்ற எண்
நின்றது நின்றபடியே.
குதிகாலில் குத்தி எடுத்த துளியைப்
பஞ்சில் வைத்துக் காற்றில் ஆட்டினோம்.
சிவக்கவில்லை. சாக்லேட் நிறம்.

அந்தத் தோல் நனைந்த காகிதம்.
எதையும் வாசலில் நிறுத்தத் தெரியாது.
உள்ளே போன மருந்து
இரத்தத்தின் இரும்பைத் துருவாக்கும்.
துரு சுரண்டும் நொதி
நமக்கு இருப்பதில் பாதிதான் அவனுக்கு.
எனக்கு இது தெரியும்.
பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

நீல்டா நண்டு ஆலையில் கால் உடைப்பவள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்:
“நண்டுக்குத்தானே சீமாட்டி, நீல ரத்தம்?”
பதில் சொல்ல வாய் திறந்தேன்.
பிறகு மூடிக்கொண்டேன்.

டாக்டர் ஓயார்சூன் வந்ததும் கேட்டது நீல மருந்து.
மையைப் போல அத்தனை நீலம்.
கிலோவுக்கு ஒரு மில்லிகிராம்.
“மெதுவாக” என்றார்.
மிஞ்சினால் இதுவும் அதே துருவைத்தான் கொடுக்கும்.
ஊசிக்குழாயை மூவர் சரிபார்த்தோம்.
நான் இரண்டு முறை.

விடியும்போது அணையாடையில் பச்சை கலந்த நீலம்.
நீல்டா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்,
மடித்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

விசாரணைப் படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில்
காற்று என்று எழுதினேன்.
அடித்தேன்.
என் பெயரை எழுதினேன்.

ஆனாலும் முதுகில் ஊசி போட்டே ஆகவேண்டியிருந்தது,
மறுநாள் மதியம்.
களிம்பு இல்லை.
நாக்கில் சர்க்கரைத் தண்ணீர்,
எடைக்கு அளந்து, கூட்டிக் கழித்து,
தோலடியில் துளி மருந்து.
பிடித்துக்கொண்டது நான்தான்.

அது போதவில்லை.
அழுதான்.
நெற்றி, காது, உள்ளங்கால் எல்லாம்
சிவக்கச் சிவக்க அழுதான்.
சமாதானப்படுத்தாமல்
ஒரு கணம் அந்த நிறத்தையே
பார்த்துக்கொண்டு நின்றோம்.