வியாழக்கிழமை வரை

நாற்பத்தேழு டிகிரி.
எர்மோசில்லோவில் ஜூலை, பகல் பதினொரு மணி.
இரவெல்லாம் ரொட்டி அடுப்பின் வாயில் நின்றுவிட்டுப்
பகலில் தூங்குகிறவள் நான்.
என் இரவு என்பது
ஒரு கறுப்புத் திரைச்சீலையும் ஒரு ஏசியும்தான்.

இன்று என் இரவு ஒழுகியது.
நெற்றியில் ஒரு சொட்டு.
கொஞ்சம் யோசித்து, இன்னொன்று.
யாரோ குனிந்து நின்று அழுகிறார்கள் என்று
கனவிலேயே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஃபவுஸ்தினோவுக்குப் போன் போட்டேன்.
பின்னால் வேறு யார் வீட்டுச் சுவரையோ துளைக்கிற சத்தம்.
"காற்று வருதா?"
"வருது. ஆறிப்போன காப்பி மாதிரி."
"தண்ணீர்?"
"என் தலையணையில்."
"வியாழக்கிழமை வர்றேன்."
இன்று திங்கள்.

நாற்காலி மேல் ஏறி மூடியைத் தூக்கினேன்.
பனி.
குழாய்களைக் கவ்விக்கொண்டு விரல் தடிமனுக்கு வெண்பனி.
வெளியே தார்ச்சாலையில் ஒரு நாய்
கால் மாற்றி மாற்றி நிற்கிறது.
இங்கே இதற்கு மட்டும் தனியாக ஒரு துருவம்.

பதினாறில் வைத்திருந்தான் எலாதியோ,
சீக்கிரம் குளிருமாம்.
பதினாறு என்பது வேகம் இல்லையடா மகனே,
போய்ச்சேர வேண்டிய ஊர்.
அடுப்பை முந்நூறில் வைத்தால்
ரொட்டி சீக்கிரமா வேகும்? கருகும்.
இதை அவனிடம் சொல்லவில்லை.
கல்லூரியில் இருக்கிறான்; அங்கே ஏசி வேலை செய்கிறது.

முதலில் மெயின் ஸ்விட்சை இறக்கினேன்.
பனியைக் கத்தியால் சுரண்டக் கை துறுதுறுத்தது;
அடங்கு என்றேன் கையிடம்.
மாவு உப்பக் காத்திருக்கத் தெரிந்தவளுக்குப்
பனி உருகக் காத்திருக்கவா தெரியாது?
இரண்டு மணி நேரம். நான்கு துண்டுகள். ஒரு வாளி.

அதற்குள் ஃபில்டரை உருவினேன்.
சல்லடை தெரிந்த கை இது.
அடைத்த சல்லடையை எடுத்ததுமே அதன் எடை சொல்லிவிடும்.
சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி,
விரலால் தேய்த்தால் வழவழப்பு.
தெரு மண் இல்லை.
மாவு.
என் சட்டையில், முடியில், காதுமடல் பின்னால்
ஒட்டிக்கொண்டு தினமும் வீடு வந்த மாவு.
நான் தூங்கும்போது இது என்னை
மெல்ல மெல்ல மூச்சிழுத்திருக்கிறது.

தண்ணீர் இறங்கும் குழாயை முகர்ந்தேன்,
சிரிப்பு வந்துவிட்டது.
புளித்த மாவு!
என் தலைமாட்டில், ஒரு பிளாஸ்டிக் தட்டில்,
யாரும் கேட்காமலே பொங்கிக்கொண்டிருந்திருக்கிறது
நாளைய ரொட்டி.

குழாயின் வெளிமுனையில் வாய் வைக்கவில்லை, அவ்வளவு பாசம் இல்லை.
சைக்கிள் பம்பால் ஓர் அடி.
நத்தை மாதிரி ஒன்று வழுக்கி விழுந்தது.
பின்னாலேயே ஒரு குவளை வினிகர்.
ஃபில்டரைக் குளியலறையில் கழுவி வெயிலில் சாய்த்தேன்;
உட்கார்ந்து ஒரு சிகரெட் முடிப்பதற்குள் காய்ந்துவிட்டது.
இந்த வெயிலுக்கும் ஒரு உபயோகம்.

வெளியே இருக்கும் பெட்டியின் விலாவில்
மெஸ்கீட் இலைகள், ஒரு சிப்ஸ் பாக்கெட், புழுதி.
ரப்பர் குழாயால் மெதுவாக நனைத்தேன்.
தகடுகள் மெல்லியவை,
கோபமாகப் பீய்ச்சினால் மடங்கிவிடும்.

மூன்றரைக்கு ஸ்விட்சை ஏற்றினேன்.
இருபத்தைந்து.
உள்ளே காற்று நீண்டு வந்தது, சொட்டு இல்லை.
வெளியே பெட்டி முனகியது,
டக் என்றது, நின்றது,
மறுபடி முனகிச் சுற்ற ஆரம்பித்தது.
அதற்குள்ளே ஓர் உருளை இருக்கிறது,
மின்சாரத்தை ஸ்விட்ச் அணைத்த பிறகும் மறக்காதது.
பழிவாங்கும், தொடாதே என்று
ஃபவுஸ்தினோ போன வருடமே எச்சரித்திருக்கிறான்.
தொடவில்லை.

வேலைச் சட்டையைக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டினேன்.
தலையணையைத் திருப்பிப் போட்டேன்.
ஒன்பதுக்கு அலாரம்.

டக்.
முனகல்.
சுற்று, சுற்று, வியாழக்கிழமை வரைக்குமாவது.