மொழிக்கு முதலில் வராத எழுத்து

வைத்துக்கொள்வோம்,
அமெரிக்காவின் தென்கோடிக்கென்று புறப்பட்ட அந்தக் கப்பலை
மாலுமி ஒரு கோப்பிக் கடனுக்காகத் திசையோடு விற்றுவிட்டான்,
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்தின் வாடையில்
அது கோமாரிக் கரையில் தட்டியது என்று.

நூற்றுப் பதினேழு பேர். வேல்ஸ்காரர்.
கரி வெட்டியவர்கள், கற்பலகை பிளந்தவர்கள்,
ஒரு தையற்காரன்,
அதுவரை கடலே பாராத இரண்டு போதகர்கள்.
வேண்டியதெல்லாம் ஆங்கிலம் எட்டாத ஒரு துண்டு நிலம்.
அதை ஆங்கிலேயனிடமே கேட்டார்கள்.

மட்டக்களப்புக் கச்சேரியில் ஏசண்டுத் துரை
வரைபடத்தில் பென்சிலால் ஒரு முட்டை போட்டான்.
உள்ளே எழுதினான்: வெறுநிலம்.
முட்டைக்குள் மீராலெவ்வையின் சேனை இருந்தது.
இறுங்கு கதிர் தள்ளியிருந்தது.
காவற்பரணில் அவன் தம்பி
யானைக்குக் கூக்குரல் போட்டுக்கொண்டிருந்தான்.
பென்சிலுக்கு அது கேட்கவில்லை.

கோதுமை விதைத்தார்கள். மூன்றாம் இலையில் கருகியது.
காய்ச்சலில் முப்பத்தொரு பேர்.
மணலில் குழி வெட்டுவது சுலபம் என்று
சுரங்கக்காரன் ஒருவன் நாட்குறிப்பில் எழுதினான்;
அடுத்த பக்கம் வெறுமை.
மிச்சப்பேரை உயிரோடு வைத்தது
மீராலெவ்வை வீட்டு இறுங்குக் கஞ்சியும்
சீனித்தங்கம் காய்ச்சிய வேப்பம்பட்டைக் கசாயமும்.
நன்றிக்குப் பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

பெட்டியில் ஒரு மரப்பலகை வந்திருந்தது.
ஊரில், வீட்டு மொழி பேசிய பிள்ளையின் கழுத்தில்
வாத்தியார் மாட்டுகிற பலகை.
மறக்கக் கூடாதென்று கொண்டுவந்தார்கள்.
மறக்கவில்லை.
இரண்டாம் வருடம், மாசியில்,
சீனித்தங்கத்தின் மகன் வீரக்குட்டி
வகுப்பில் "தண்ணி" என்றான்.
கழுத்தில் விழுந்தது.

அவள் கத்தவில்லை.
பிள்ளையோடு பலகையையும் கூட்டிப்போனாள்.
மறுநாள் மாட்டுக்குக் குறி சுடுகிற நாள்.
பலகை நெருப்புக்குள் போனது.
காய்ந்த மரம், நல்ல தணல்.
"உங்களுக்குக் குடி இல்ல, குடிக்கொரு குறி இல்ல.
உங்கட மாடு எந்தப் பட்டிக்குத் திரும்பும்?"
என்றாள் போதகரிடம்.
"துரைக்கு வராத சத்தம் ஏதும் உங்கட பேச்சில இருக்கா?"

அவர் நாக்கை அண்ணத்தில் ஒட்டி
ஓரத்தால் காற்றைக் கசியவிட்டார்.
பூனை சீறியதுபோல் இருந்தது.
பட்டி முழுக்கச் சிரித்தது.
"எங்களிட்டயும் ஒண்டு இருக்கு" என்றாள்.
கொல்லன் கம்பியை வளைத்தான்: ழ.

அன்றிலிருந்து அந்த ஓர் ஊரில் மட்டும்
பெயர்கள் ழவில் தொடங்குகின்றன.
ழினோஸ். ழூயிட். ழெவெலின்.
மொழிக்கு முதலில் வராதென்று இலக்கணம் சொல்லும்.
கோமாரி மாடுகள் இலக்கணம் படிக்கவில்லை.
வீடு பெண்ணுக்கு என்பதை மெல்லப் பழகினார்கள்,
ஆண்கள் கொஞ்சம் முணுமுணுத்து.
ஞாயிறுகளில் நாலு குரலில் பாடுவார்கள்;
பொத்துவில் பஸ் அந்த வளைவில் வேகம் குறைக்கும்.

இன்று காணிக் கச்சேரி. மேசையில் நான்.
ழினோஸ் சீனித்தங்கம், ஐம்பத்திரண்டு வயது, ஒன்றரை ஏக்கர்.
இனம் என்ற கட்டத்தில்
'ஏனையோர்' என்று நானே போடுகிறேன்,
அவள் முகத்தைப் பார்க்காமல்.
அத்தாட்சி?
உறைக்குள்ளிருந்து எடுக்கிறாள்,
பழுப்பேறிய தாள், பென்சில் முட்டை, வெறுநிலம்.
அவளிடம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

பின்னால் வரிசையில்
மீராலெவ்வை வழியில் வந்த சபறுல்லா.
கையில் தாள் இல்லை. அவள் குடை இருக்கிறது,
காலையில் மழை.
"அந்த முட்டைக்குள்ளதான் எங்கட சேனை, மிஸ்,"
சண்டைக்கு அல்ல, வழி சொல்வதுபோல்.
"ஓம், அது சரிதான்" என்கிறாள் ழினோஸ்.

இரண்டு கோப்பையும் திறந்துவைத்திருக்கிறேன்.
அவள் தாளை நம்பினால் அவர் இல்லை.
அவர் சொல்லை நம்பினால் தாள் இல்லை.
போன மாதம் வனத்துறை நட்ட எல்லைக்கல்
இருவர் வேலிக்கும் உள்ளே நிற்கிறது.
கல் எண் நாற்பத்தேழு;
ழ குறியுள்ள பசு ஒன்று
அதில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தது என்று
நில அளவையாளர் ஓரத்தில்
பென்சிலால் எழுதியிருக்கிறார்.