சக்கரம் திருப்புகிறவன்

ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் மழை ஒரு வதந்தி.
அதனால்தான் இங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.
ஈரமில்லாக் காற்றில் இரும்பு சாகாது என்கிறார் ரஸ்ஸல்,
பிறகு, அலுமினியம், என்று திருத்துகிறார்.

இரண்டாயிரத்து இருபது, ஏப்ரல் கடைசி.
சிங்கப்பூரிலிருந்து ஒன்று, அடுத்த நாள் இரண்டு,
பிறகு எண்ணுவதை விட்டேன்.
நானூற்றுச் சொச்சம் பேருக்குச் சோறு சூடாக்கும் அடுப்புகளோடு
இரண்டு மாடி விமானங்கள்
வந்து இறங்கின.
ஒருவரும் இறங்கவில்லை.

என் வேலை எளிது.
எஞ்சின் வாய்களைப் பிளாஸ்டிக் சுற்றி மூடுவேன்.
வேகம் அளக்கும் சுண்டுவிரல் குழாய்களில்
குளவி குடியேறாமல் சிவப்பு உறை மாட்டுவேன்.
சக்கரக் குழிக்குள் கை விடுமுன்
குச்சியால் மூன்று தட்டு தட்டுவேன்,
பாம்புக்கும் நிழல் வேண்டும்.
பதினான்கு நாளுக்கு ஒருமுறை
ஒவ்வொரு சக்கரமும் கால்வட்டம் திரும்ப வேண்டும்,
இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கம் சப்பையாகிவிடும்.
என் விசாவையும்
இப்படித்தான் திருப்புகிறார்கள்,
ஆறு மாதத்துக்கு ஒருமுறை,
கால்வட்டம்.

ரஸ்ஸலின் கருவிப்பெட்டியில் இன்னும்
அன்செட் ஒட்டுப்படம், பாதி உரிந்தபடி.
அமெரிக்காவில் கோபுரங்கள் விழுந்த அதே கிழமை
இங்கே அவருடைய கம்பெனி விழுந்தது.
அது முன்பே நோயாளிதான், என்பார்,
தலைமாட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும்.
பிறகு நகவெட்டியைப் பிடுங்கினார்கள்.
பிறகு சப்பாத்து.
பிறகு தண்ணீர்ப் போத்தல்.
சனம் கழற்றியது, எறிந்தது, கை தூக்கி நின்றது,
பாலியில் நாலு நாள் கடல் பார்க்க
எதையும் கொடுக்கும் சனம்.

நோரீன் எங்களோடு டேப் ஒட்டுகிறாள்.
போன அக்டோபர் வரை உளுருவுக்குப் பஸ் ஓட்டியவள்.
பாறையில் ஏறுவதை மூடப்போகிறார்கள் என்றதும்
ஏறிவிட வேண்டுமென்று வந்த கூட்டத்தை
விடியுமுன் இறக்கிவிட்டு
வண்டிக்குள்ளேயே இருப்பாளாம், முதுகு காட்டி.
சங்கிலியை அறுத்தெடுத்த நாள் நல்லாய்த் தூங்கினேன், என்றாள்.
ஐந்து மாதத்தில் பஸ்ஸும் நின்றது.

நானும் பறந்திருக்கிறேன், ஒரே தடவை.
கிறிஸ்மஸ் தீவிலிருந்து டார்வினுக்கு,
இரண்டு காவலர் நடுவே, நடு இருக்கையில்.
ஜன்னலோரக்காரர்
ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கினார்.
அதற்கு முன்னர் பதினெட்டு நாள் கடல்.

தை மாதம், வெளியே நாற்பத்திரண்டு பாகை.
ஈரம் உறிஞ்சும் பொதிகளை மாற்ற உள்ளே ஏறியவன்
நாற்பத்தேழாம் வரிசையில், ஜன்னலோரம், உட்கார்ந்தேன்.
முன் பையில் பாதுகாப்பு அட்டை.
அதில் ஒருத்தி மஞ்சள் அங்கி மாட்டுகிறாள்
கடைக்குப் போகப்போகிறவள் போல.
இருக்கைக்குக் கீழே கை விட்டேன்.
இருந்தது.
அடுத்ததற்குக் கீழேயும்.
வரிசைக்குப் பத்து இருக்கை, பத்து அங்கி.
எங்கள் படகில் அறுபத்துமூன்று பேர், பதினொன்று.
வதனியின் மகனுக்கு அது பெரிது,
நைலோன் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன்.
முடிச்சு இப்போதும் விரலில் இருக்கிறது.

கீழேயிருந்து ரஸ்ஸல் கத்தினார்,
செத்துப்போனாயா என்று.
பதிவேட்டில் எழுதினேன்:
பொதிகள் மாற்றப்பட்டன. அங்கிகள் சரி.

பிறகு ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டுக்கொண்டார்கள்.
உலகத்துக்கு மறுபடி விடுமுறை வந்துவிட்டதாம்.
நோரீன் பஸ்ஸுக்குத் திரும்பிப் போனாள்.
பறக்குமுன் அகற்று என்று எழுதிய சிவப்பு நாடாக்களை
நான்தான் உருவுவேன்.
ஓடுபாதை முடிவில் அது தரையை விடும்வரை
கையில் சுருட்டி வைத்திருப்பேன்,
ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை குடிவரவுக்குப் போன் எடுக்க வேண்டும்.
இன்னும் எட்டு நிற்கின்றன.
ஒவ்வொன்றுக்கும்
இருபத்திரண்டு சக்கரம்.