ஒன்பது மீட்டர்

பெட்டியில் கொட்டை எழுத்தில்: ஒன்பது மீட்டர்.
அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வராது என்பது
எந்த எழுத்திலும் இல்லை.
கடைப் பெடியன்தான் சொன்னான்,
கையை உயர்த்தி, மூச்சு முட்டுவதாய் நடித்து.

வுப்பர்டாலில் எங்கள் துண்டு நிலம் சரிவில்.
மழைநீர்த் தொட்டி அடியில்,
தக்காளியும் போஞ்சியும் உச்சியில்.
இடையே ஆறு மீட்டர் ஏற்றம்,
முப்பது மீட்டர் ஹோஸ்.
அதன் ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் விழுங்கும்.

தவநேசன் குதிரைவலு கேட்டார்,
வயலுக்கு இறைக்கிறவர் மாதிரி.
ஆயிரம் லிட்டரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு
வெறுவயிற்றில் ஓடிக் கருகுகிற சாமானை
நான் ஏன் வாங்க?
பதினைந்து மீட்டர் தள்ளுகிற
சின்ன நீர்மூழ்கி எடுத்தேன்.
மிதவை வைத்தது. தண்ணீர் தாழ்ந்தால்
தானே வாயை மூடிக்கொள்ளும்.

கைப்பிடியில் கயிறு கட்டி இறக்கவும்
என்று ஏழு மொழியில் இருந்தது.
தமிழில் இல்லை. காரணம் அதுவல்ல,
அவசரம்.
வயரைப் பிடித்தே இறக்கினேன், தூக்கினேன்,
கோடை முழுக்க.

ஆவணிச் சனி ஒன்றில்
ட்ரிப் சுவிட்ச் டக்கென்று விழுந்தது.
தூக்கிவிட்டேன். டக்.
மூன்றாம் தரம் அதைத் திட்டினேன்,
வேலை செய்யாத ஆளைத் திட்டுவதுபோல.

'அதை விட்டுவிட்டு நேரே குத்துங்கோ,
இருபது வருசமாய் நான் அப்படித்தான்'
என்றார் வேலிக்கு அப்பால் உவே.
உயிரோடு நின்றார்.
அதுதான் அவர் காட்டிய சாட்சி.

வயரை இழுத்துப்போகத்தான் போனேன்.
மணி ஒன்று அடித்தது.
சங்க விதி: மூன்று வரை மோட்டார் கூடாது.
செய்ய வேறொன்றும் இல்லாமல்
பிளக்கைக் கழற்றி, பம்பை வெளியே எடுத்து,
மடியில் வைத்துத் துடைத்தேன்.

வயர் உள்ளே நுழைகிற கழுத்தில்
தோல் கிழிந்திருந்தது, நகக்கீறல் அளவு.
உள்ளே செம்பு, சுத்தமாய், புதிதாய்.

அன்று காலை அந்தத் தொட்டியில்
முழங்கை வரை கைவிட்டு
இலை பொறுக்கியிருந்தேன்.
அப்போது பிளக் குத்தியிருந்ததா?

நினைவில்லை.
இப்போதும் நினைவில்லை.

டேப் சுற்றித் தருகிறேன் என்றார் தவநேசன்.
வேண்டாம் என்றேன்.
அன்று மாலை வாளியோடு
பதினாறு தரம் ஏறி இறங்கினோம், பேசாமல்.

அடுத்த கிழமை புதுப் பம்பு,
நீல நைலோன் கயிறு,
கூடவே இன்னொரு ட்ரிப் சுவிட்ச்.
அதை வேலிக்கு மேலால் நீட்டினேன்.
உவே முதலில் வாசித்தது
ரசீதைத்தான்.